செவலைக்கு ஒரு வாளி

ஜன்னல் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், டீக்கடையில் இரவல் வாங்கிய ஸ்பூனின் காம்பைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான் குழந்தைவேல். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி புறப்பட இன்னும் ஆறு நிமிஷம்தான் இருந்தது. அந்த ஸீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் கோழிக்கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு, இந்த மனிதனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அவனையும், கேட்க ஆளில்லையா என்று டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொழந்தவேலண்ணே, ஜன்னலக் கழட்டிட்டுப் போயிடாதீங்க. மொதலாளி என்னயக் கழட்டி வுட்டுருவாரு" என்றான் டிரைவர் அமிர்தலிங்கம். சிரித்துக்கொண்டே சொன்னவன், குழந்தைவேலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "வூட்ல அண்ணி எப்படி இருக்காங்க?"

"காத்தால இருந்து மூச்சு ஒரு மாதிரியா வாங்குது."

"அப்புறம் இங்க என்னண்ணே பண்ணுறீங்க?"

நாலு மாசத்துக்கு முன்னால் இந்த ஜன்னலில் ஒரு தாளை மடித்துச் செருகினேன், அதை எடுத்துக்கொண்டு போனால்தான் என் பெண்டாட்டி நிம்மதியாகக் கண்ணை மூடுவாள் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்ல முடியுமா? குழந்தைவேல் காம்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். எட்டாக மடிந்து, கிரீஸ் ஏறி, வெற்றிலைப் பொட்டலம் போல இறுகிப்போன தாள் ஒன்று அவன் காலடியில் விழுந்தது. அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எல்லாம் அந்தப் படக்கதைப் புத்தகங்களால் வந்தது.

குழந்தைவேல் அரியலூர் பெரம்பலூர் லைனில் பதினேழு வருஷமாகக் கண்டக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஸீட்டில் ஒரு படக்கதைப் புத்தகத்தை விட்டுவிட்டு இறங்கிப் போனான். ஒரு மாசம் பார்த்தும் யாரும் கேட்டு வரவில்லை. அலமாரித் தட்டில் விரிக்க ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டு போனான். விரிக்க எடுத்த அவன் பெண்டாட்டி முத்தாயி அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் சோறு குழைந்தது. அன்றைக்கு மகளோடு சேர்த்து மூன்று பேரும் கஞ்சியாகக் குடித்தார்கள்.

முத்தாயி மூன்றாம் வகுப்போடு நின்றவள். உடையார்பாளையத்துப் பக்கம் ஒரு பண்ணையில் அவள் அப்பன் மாடு பார்த்தான். பள்ளிக்கூடத்தை விட்டு அவளை இழுத்து வந்ததே பண்ணை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டத்தான். பேப்பரில் வரும் பத்தி பத்தியான எழுத்தைப் பார்த்தாலே மலைத்துப்போகிறவளுக்கு, படக்கதையில் ஒவ்வொரு வாய்க்குப் பக்கத்திலும் நாலே நாலு வார்த்தை இருந்தது வசதியாகப் போயிற்று. எழுத்துக்கூட்டாமல் அவள் முதலில் படித்த வார்த்தை 'டுமீல்'. அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒன்று, அரியலூர் ரயில் நிலையத்துக் கடையில் அவனே வாங்கிவந்து கொடுத்தான்.

ஆனால் அவள் படிக்கிற படிப்பு ஊரில் யாரும் படிக்காத படிப்பு. தொப்பி போட்ட கதாநாயகன் இருபது பேரைச் சுட்டு வீழ்த்தினாலும் அவளுக்கு மனசு அசையாது. "இவன் என்னங்க, எந்நேரமும் சண்டையே போட்டுக்கிட்டு. சோறு திங்குறதையே காணோம்" என்பாள். ஒரு கதையில் வில்லன் வீட்டு வாசலில் பெரிய கல்தொட்டி இருந்தது. "தொட்டி நெறய தண்ணி வச்சிருக்கான் பாருங்க. இவன் அவ்வளவு கெட்டவனா இருக்க மாட்டான்" என்று அவனுக்காகக் கடைசிப் பக்கம் வரை பரிந்து பேசினாள். எல்லாவற்றையும் விட அவளுக்குப் பெரிய கவலை குதிரை.

"ஏங்க, நாலு பக்கமா ஓடிட்டே இருக்கே, ஒரு வா தண்ணி யாராச்சும் காட்டுனாங்களா? ஓடுன மிருகத்துக்கு மொதல்ல காட்டிட்டுத்தான மனுசன் வாய நனைக்கணும்?"

புத்தகம் சிவப்பும் கறுப்புமாக அச்சடித்தது. குதிரை எப்போதும் சிவப்பில் இருக்கும். அவள் அதற்குச் செவலை என்று பேர் வைத்தாள், அவள் அப்பன் பார்த்த மாட்டுக்கு இருந்த பேர். பேர் வைத்ததோடு விடவில்லை. குழந்தைவேலின் டிரிப் ஷீட் எழுதுகிற காப்பியிங் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, குதிரை நிற்கிற படத்தில் எல்லாம் பக்கத்தில் ஒரு வாளி வரைந்து வைப்பாள். நாக்கில் பட்டால் ஊதாவாகிற பென்சில் அது. அவன் டியூட்டி முடிந்து வரும்போது அவள் நாக்கு ஊதாவாக இருந்தால், அன்றைக்குச் செவலைக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"சின்னப் புள்ளைங்க படிக்கற புக்கும்மா அது" என்று மகள் கண்ணகி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் பத்தாவது முடித்து டைப்பிங் கற்கப் போகிறவள். கூடப் படிக்கிற பெண்கள் வீட்டுக்கு வந்தால் புத்தகக் கட்டைப் பரண்மேல் தூக்கிப் போடுவாள்.

மாசி மாசத்தில் வந்தது வினை. புதுப் புத்தகம் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசி டிரிப்பில் வந்துகொண்டிருந்தான் குழந்தைவேல். மூன்றாவது ஸீட்டு ஜன்னல் தடதடவென்று அடித்தது. அதன் பக்கத்தில் ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் அது துடிப்பதைப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டராக இருக்கிறவன் கையில் அகப்பட்ட காகிதத்தை மடித்து ஜன்னலில் செருகுவது வழக்கந்தான். புத்தகத்தின் கடைசித் தாள் எப்போதும் சோப்பும் சீயக்காயும் விளம்பரமாகத்தானே இருக்கும் என்று நினைத்துக் கிழித்துச் செருகினான். ஜன்னல் அடங்கியது, குழந்தை தூங்கியது. பேரளி தாண்டியதும் அவனுக்கு அது மறந்தே போயிற்று.

அன்றைக்கு ராத்திரி முத்தாயி கேட்டாள்: "முடிவையே காணோமே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். பயணிகளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கிற கண்டக்டர், ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லிய பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, "அது அடுத்த மாசம் தொடரும் போல" என்றான். முத்தாயி அவன் பக்கம் கையை நீட்டினாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது கொதிக்கும். கல்யாணமான புதிதில் அவன் சொல்லாமல் சினிமாவுக்குப் போய் வந்ததைக் காதைத் தொட்டே கண்டுபிடித்தவள் அவள். அன்றைக்கு அவன் தலைக்கு எண்ணெய் தேய்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு, அடுத்தது இன்னும் வரவில்லை என்று சொல்லிப் புத்தகம் வாங்குவதையே நிறுத்திவிட்டான்.

மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றால் வண்டி எப்.சி. சோதனைக்குத் திருச்சி போய்விட்டது. திரும்பி வந்ததை முதலாளி ஜெயங்கொண்டம் லைனில் விட்டார். ஒரு நாள் போய் எடுத்து வந்திருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று இருந்தபோதுதான் முத்தாயிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருச்சியில் இருபது நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்றார்கள். பதினைந்து நாளாகக் கட்டிலோடு கிடக்கிறாள். கண் மங்கிவிட்டது. எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. இருந்தும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்பாள்: "அடுத்த பொஸ்தகம் வந்துடுச்சா?"

இன்று காலையும் கேட்டாள். மாற்று வண்டியாக அந்தப் பஸ் பெரம்பலூர் வருகிறது என்று நேற்றுத்தான் அவன் காதில் விழுந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான்.

திரும்பும் வழியில் புளியமரத்து நிழலில் சைக்கிளை நிறுத்தினான். தாளைப் பிரித்தான். மடிப்புகளில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஆறு வருஷமாகப் புத்தகம் சுமந்தவன் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. இப்போது நின்றபடி படித்தான். கதாநாயகன் மலையுச்சியில் வில்லனை மடக்குகிறான். திருட்டுப்போன தங்கம் கிடைக்கிறது. ஊர் கூடித் தொப்பியை வீசுகிறது. கடைசிப் படத்தில் அவன் ஒரு பெண்ணோடு வாசலில் நின்று சிரிக்கிறான். குழந்தைவேல் அவர்களைப் பார்க்கவில்லை. அவன் கண் குதிரையைத் தேடியது. படத்தின் மூலையில் கம்பத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். தலை தொங்கியிருந்தது.

சுற்றிலும் தேடினான். தாளைத் திருப்பி முன்பக்கமும் பார்த்தான். தொட்டி இல்லை, குட்டை இல்லை, ஒரு சட்டிகூட இல்லை. அவனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே கூடிக் கும்மாளம் போடுகிறதே, அத்தனை பேரில் ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டாமா? அத்தனை தூரம் சுமந்த ஜீவன் வாயில் நுரையோடு நிற்கிறது. அந்த வருஷம் மழை பொய்த்து, துறைமங்கலம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மீதி வழியையும் மிதித்தான்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவனுடைய அக்காள் ரெங்கம்மாள் பால் டம்ளரோடு வெளியே வந்தாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? மூச்சு மேல ஏறுது. புருசன் கையால ரெண்டு சொட்டுப் பால் வுடணும்னு தேடுறோம், நீ பஸ் ஸ்டாண்டுல நிக்கிறியாம்!"

"இந்தா வந்துட்டேங்கா."

உள்ளே கண்ணகி அம்மாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"முத்தாயி. கொண்டாந்துட்டேன்."

அவள் இமை அசைந்தது. "அடுத்த பொஸ்தகமா?"

"அடுத்த பொஸ்தகம்னு ஒண்ணு கெடையாது, முத்தாயி. கடைசித் தாள நான்தான் கிழிச்சு பஸ் ஜன்னல்ல சொருவிட்டேன். ஒரு கொழந்த தூங்கட்டும்னு. வெளம்பரம்னு நெனச்சேன். ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டான். ரெங்கம்மாள் வாசல்படியில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டாள். சாகக் கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

முத்தாயி நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"கடைசித் தாளக் கிழிச்சா மொதத் தாளு கழண்டுக்கும்ல. சோத்துப் பருக்க வச்சு... நான்தான் ஒட்டுனேன்."

"அப்புறம் எதுக்குடி நாலு மாசமா வந்துடுச்சா வந்துடுச்சான்னு கேட்ட?"

"நீங்க எப்பத்தான் சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அவள் உதடு கோணிற்று. சிரிக்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "படிங்க."

குழந்தைவேல் படித்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே குரல் ஸ்டாப்பிங் பேர் கூவுகிற குரல்தான். "நில்! கையைத் தூக்கு!" என்று அவன் படித்தபோது வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "டுமீல்!" என்றபோது பக்கத்து வீட்டுப் பெண் ஓரடி உள்ளே வந்தாள். படம் தெரியாதவளுக்குப் படத்தையும் சேர்த்துச் சொன்னான்: வில்லன் பாறையில் தொங்குகிறான், பிடி நழுவுகிறது, கீழே பள்ளம்.

"வுழுந்துட்டானா?" என்றாள் ரெங்கம்மாள், கையில் பால் டம்ளரை மறந்தபடி.

"இரு அக்கா, படிக்கறேன்ல."

வில்லன் பிழைத்தான், பிடிபட்டான். தங்கம் கிடைத்தது. தொப்பிகள் பறந்தன. அவன் கடைசிப் படத்துக்கு வந்து நின்றான்.

"செவல?" என்றாள் முத்தாயி.

"இருக்கு. கம்பத்துல கட்டியிருக்கு."

"தண்ணி?"

குழந்தைவேல் தாளைப் பார்த்தான். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இப்போதுதான் ஒரு பொய்யைக் கக்கி, நெஞ்சு லேசாகி உட்கார்ந்திருந்தான்.

"குடிக்குது" என்றான்.

"எதுல?"

"வாளில."

"நெறயவா?"

"தளும்புது, முத்தாயி. வழிஞ்சு தரையெல்லாம் ஓடுது."

அவள் கை கட்டிலிலிருந்து எழுந்தது. காற்றில் கொஞ்ச நேரம் துழாவியது. அவன் தோளைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, காதில் வந்து நின்றது. அவன் விலகிக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் காது மடலைப் பிடித்தாள், அப்படியே வைத்திருந்தாள். அது கொதிக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"சரி" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரெங்கம்மாள் டம்ளரையும் கரண்டியையும் அவன் கையில் கொடுத்தாள். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. கண்ணகி முந்தானையால் அதைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ குரலெடுத்து அழ ஆரம்பித்த பிறகுதான் குழந்தைவேல் கரண்டியைக் கீழே வைத்தான்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. முத்தாயி படுத்த பாயையும் தலையணையையும் இடுகாட்டில் போடுவதற்குச் சுருட்டிய ரெங்கம்மாள், பரணிலிருந்து புத்தகக் கட்டையும் இறக்கினாள். "இதக் கட்டிக்கிட்டுத்தான கெடந்தா. அவளோடயே போவட்டும்."

"அது இருக்கட்டும் அத்த" என்று கண்ணகி கட்டை வாங்கிக்கொண்டாள். "நான் இன்னும் படிக்கல."

மூன்றாம் நாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். உறவுக்காரர்கள் அவரவர் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். ரெங்கம்மாள் அடுப்படியில் ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள், மூன்று நாளுக்குப் பிறகு வீட்டில் புளி வாசனை வந்தது. குழந்தைவேல் யூனிபார்ம் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டான். நாலைந்து நாளில் டியூட்டிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் சுவராகப் பார்க்கத் தோன்றுகிறது.

கூடத்தில் கண்ணகி கட்டைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தாள். ஆறு வருஷத்துப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஊதா வாளிகள். பழைய புத்தகங்களில் வாளி கோணல்மாணலாக, சட்டியா சொம்பா என்று சொல்ல முடியாமல் இருந்தது. வர வரக் கைப்பிடி வந்தது, வாளிக்குள் அலை வந்தது. பாலைவனத்தில், பனிமலையில், சிறைச்சாலை வாசலில், தூக்குமரத்தின் கீழேகூட ஒரு வாளி இருந்தது. கண்ணகி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு ஓர் இடத்தில் சிரித்தாள், உடனே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசித் தாளை அவள் சோற்றுப் பருக்கை வைத்து அதன் இடத்தில் ஒட்டியிருந்தாள். மடிப்புக் கோடுகள் மட்டும் போகவில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"அன்னிக்குத் தண்ணி குடிக்குதுன்னு படிச்சீங்க. இதுல தண்ணியே இல்லியே?"

குழந்தைவேல் காதைத் தடவிக்கொண்டான். எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையின் பையைத் துழாவினான். சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து மகள் எதிரில் உட்கார்ந்து நாக்கில் தொட்டான். பதினேழு வருஷமாக அந்தப் பென்சிலால் ஊர்ப் பேரும் எண்ணும் தவிர வேறொன்றும் அவன் எழுதியதில்லை. கம்பத்துக்குக் கீழே, குதிரையின் முன்கால் பக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாளி போட்டான். ஒரு பக்கம் வீங்கி, பூசணிக்காய் மாதிரி வந்தது. தளும்புகிறது என்று சொன்னது ஞாபகம் வந்து, விளிம்பில் நாலைந்து கோடு வழியவிட்டான்.

கண்ணகி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கயிறு எட்டாதுப்பா" என்றாள்.

பார்த்தான். உண்மைதான். கம்பத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள், வாளி வரைக்கும் தலை குனிய வழியில்லை.

கண்ணகி அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கினாள். நாக்கில் தொட்டுக்கொண்டு, குனிந்து, கயிற்றை இழுத்து நீளமாக்கத் தொடங்கினாள்.